பனிமுகடும் இரு கவிதைகளும்



ஆங்கிலக் கவிதையில் பயிற்சியுடையோர் அல்ஸ்வாட்டர் என்னும் ஏரியை மறந்திருக்கமாட்டார்கள். 1802 ஏப்ரலில் வேர்ட்ஸ்வொர்த்தும் அவர் தங்கை டாரதியும் டாஃபடில் மலர்கள் காற்றில் ஆடக் கண்டது அதன் கரையில்தான். அதே ஏரியின் தென்கோடியில் கிளென்ரிடிங் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கிருந்து ஹெல்வெலின் மலைக்கு ஏறும் பாதைகளுள் ஒன்று ஸ்ட்ரைடிங் எட்ஜ் என்னும் கூர்முகட்டின் மீது செல்கிறது. மலர்களைப் பாடிய ஏரிக்கரைக்கும் மனிதர் உயிர்துறக்கும் இம்முகட்டுக்கும் இடையே சில மணி நேர நடையே உள்ளது.

ஹெல்வெலினின் உயரம் 950 மீட்டர். இமயத்தை எண்ணிப் பழகியவர்க்கு இது மலையாகவே தோன்றாது. ஏமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது. பனியாறுகள் இருபுறமும் குடைந்து சென்றதால் எஞ்சிய பாறைச்சுவரே இம்முகடு. வடக்கே ரெட் டார்ன் என்னும் சிறு குளம், தெற்கே மற்றொரு பெருங்குடைவு; இரண்டுக்கும் நடுவே சில இடங்களில் கால்வைக்கும் அகலமே கிடைக்கும். முகட்டின் கடைசியில் ஒரு பாறைப்பிளவின் வழியே கையூன்றி இறங்க வேண்டும். அதன்பின் உச்சிப் பரப்புக்குச் செங்குத்தான ஓர் ஏற்றம். கோடையில் சிறுவர்களும் பெற்றோரோடு இதைக் கடப்பதுண்டு.

குளிர்காலத்தில் அதே கற்கள் வேறு பொருள் கொள்கின்றன. தமிழில் முன்பனி, பின்பனி என்று இரு பருவங்களுக்குப் பெயரிட்டோம். ஆயினும் புல்நுனித் துளியையும் இமயத்து வெண்மையையும் பனி என்ற ஒரு சொல்லிலேயே அடக்கிவிட்டோம். நம் நிலத்துக்கு அது போதும். ஸ்ட்ரைடிங் எட்ஜில் நடப்பவனுக்குப் போதாது. புதிதாய் விழுந்த பொடிப்பனியில் கால் புதையும். பகலில் இளகி இரவில் இறுகிய பனியில் கால் வழுக்கும். பாறைமேல் கண்ணாடிபோல் படிந்த மெல்லிய உறைபடலம் கண்ணுக்கே தெரியாது. கடற்காற்றின் ஈரமும் உறைநிலையை ஒட்டி ஏறி இறங்கும் வெப்பமும் சேர்ந்து இம்மூன்றையும் ஒரே நாளில் உண்டாக்கிவிடும். மேற்கிலிருந்து வீசும் காற்று உச்சிப் பரப்பின் பனியை வாரிவந்து கிழக்கு விளிம்பில் குவிக்க, பாறைக்கு அப்பாலும் வெறும் வெளியில் பனி நீண்டு நிற்கும். மேலிருந்து நோக்குவோனுக்கு அதுவும் தரையாகவே தெரியும்.

எனவே பனிக்கோடரியும், காலணியில் பூட்டும் கிராம்பன் என்ற எஃகு முட்களும் இன்றி அக்காலத்தில் அங்கே செல்வது அறிவுடைமை ஆகாது. அவை இருந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. வழுக்கி விழுந்த அந்த நொடியிலேயே கோடரியைப் பனியில் ஊன்றித் தடுத்துக்கொள்ளக் கை பழகியிருக்க வேண்டும். வேகம் கூடியபின் செய்வதற்கு ஒன்றுமில்லை.

1805 ஏப்ரலில் சார்ல்ஸ் கஃப் என்ற இளம் ஓவியர் தம் நாயுடன் இம்மலையைக் கடக்கப் புறப்பட்டார். ஏறத்தாழ மூன்று மாதம் கழித்து, ஜூலையில், ரெட் டார்ன் அருகே நாயின் குரல் கேட்டுச் சென்ற இடையர் ஒருவர் அவருடைய எலும்புகளைக் கண்டார். நாய் உயிரோடு இருந்தது. அவர் எப்படி விழுந்தார் என்பதைக் கண்டவர் எவருமில்லை. அவ்வாண்டிலேயே வால்டர் ஸ்காட்டும் வேர்ட்ஸ்வொர்த்தும் இதைத் தனித்தனியே பாடினர். இருவரும் வேதியியல் அறிஞர் ஹம்ஃப்ரி டேவியுடன் சேர்ந்து அவ்வாண்டு ஹெல்வெலினில் ஏறியவர்களே. வேர்ட்ஸ்வொர்த் அக்குடைவின் தனிமையையும் ஜூன் வரை கிடக்கும் பனியையும் மறவாமல் சொல்கிறார். ஆனால் பாறையிலிருந்து விழுந்தான் என்ற அளவில் வீழ்ச்சியைக் கடந்து, நாயின் அன்பில் சென்று தங்கிவிடுகிறார். அந்நாளைய கார்லைல் செய்தித்தாள் ஒன்று, பசித்த நாய் தன் தலைவனையே தின்றது என்று எழுதியது. உண்மை எதுவாயினும், நாட்டின் நினைவில் நின்றது கவிதையே. 1829இல் லாண்ட்சீர் அதை ஓவியமாக்கினார். 1890இல் மலைமேல் நினைவுக்கல்லும் எழுந்தது.

நாயைப் போற்றியது பிழையன்று. ஆனால் கஃபின் இறப்பிலிருந்து அடுத்த வழிப்போக்கன் அறிய வேண்டிய எதையும் அப்பாடல்கள் தரவில்லை. அதைத் தருவது முற்றிலும் வேறான ஓர் எழுத்து. இன்று ஏரி மாவட்டத் தேசியப் பூங்காவின் மதிப்பீட்டாளர்கள் டிசம்பர் முதல் குளிர்காலம் முடியுமட்டும் நாள்தோறும் முறைவைத்து ஹெல்வெலினில் ஏறுகிறார்கள். காற்றின் வேகம், வெப்பநிலை, பனி எங்கே இறுகியிருக்கிறது, விளிம்பில் எவ்வளவு நீண்டிருக்கிறது என்பவற்றை அளந்து, அன்றே சில வரிகளில் பொதுமக்களுக்கு அறிவிக்கிறார்கள். அவ்வரிகளில் உவமை இல்லை. அவற்றின் ஆயுளும் ஒரு நாள்தான். மறுநாள் ஏறவிருப்பவன் அதைப் படித்துப் பயணத்தை ஒத்திவைக்கிறான், அல்லது முகட்டை விட்டு வேறு வழி தேர்கிறான். இலக்கிய வரலாற்றில் இவ்வகை எழுத்துக்கு இடமில்லை. இடம் தரலாம் என்றே தோன்றுகிறது.

கஃபின் நினைவுக்கல், முகடு உச்சிப் பரப்பைத் தொடும் விளிம்பில் நிற்கிறது. மேலே வந்து சேர்ந்தவர்கள் மூச்சுவாங்கிக்கொண்டு அதில் நாயின் புகழைப் படிக்கிறார்கள். மூடுபனியில் திரும்பி இறங்க முனைவோர்க்கு அக்கல்லே அடையாளம். அதைத் தவறவிட்டால், காலடியில் இருப்பது பாறையா, வெளியில் நீண்ட வெறும் பனியா என்று அறிய வழியில்லை.