அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள்

ஜாசினிலோ மெர்லிமாவிலோ வாங்கிய பழைய கணினியில் லினக்ஸ் இருந்தால் மிரள வேண்டாம். பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிவைத்தது அது. விலை கொடுக்க வேண்டியதில்லை.

தம்ப் டிரைவைச் செருகுகிறோம். கோப்புகளைக் காட்டும் சாளரத்தில், இடப்பக்கம் அதன் பெயர் தோன்றும், தட்டினால் திறக்கும். தோன்றாவிட்டால் வேறு துளையில் செருகிப் பார்ப்போம். 'ஃபார்மட்' என்பதை மட்டும் தொட வேண்டாம், உள்ளிருப்பது அழிந்துவிடும்.

எடுக்கும்போதுதான் நாங்கள் ஏமாந்தோம். பாட்டியின் படங்களைக் கைப்பேசியிலிருந்து கணினி வழியாக டிரைவுக்கு மாற்றினோம். முடிந்துவிட்டதென்று நினைத்துச் சட்டென்று பிடுங்கினோம். கைப்பேசியிலும் கணினியிலும் இருந்ததை அழித்தோம். மறுநாள் பாதிப் படங்கள் திறக்கவில்லை. பாட்டியோ இப்போது இல்லை.

காரணம் என்ன? லினக்ஸ் கோப்பை முதலில் தன் நினைவகத்தில் வாங்கிக்கொள்ளும். பிறகுதான் மெல்ல மெல்ல டிரைவில் எழுதும். திரையில் முடிந்தாலும் உள்ளே எழுத்து ஓடிக்கொண்டிருக்கலாம். ரப்பர் மரத்தைச் சீவியவுடனே மங்கை எடுத்தால் பால் கிடைக்குமா? சொட்டி முடியும்வரை நம் பெரியவர்கள் காத்திருந்தார்கள் அல்லவா?

ஆகவே டிரைவின் பெயருக்கு அருகிலுள்ள மேல்நோக்கிய முக்கோணக் குறியைத் தட்டுவோம். பெயர் மறைந்து, டிரைவின் விளக்கும் சிமிட்டுவது நின்றபின் எடுப்போம். டிரைவில் படம் திறக்கிறதா என்று பார்க்குமுன் பழையதை அழிக்காதிருப்போம்.