பொறி பிறக்கும் நேரம்



மோட்டார் கார் ஓடுவதை நாள்தோறும் பார்க்கிறோம். அதன் எஞ்சினுக்குள்ளே நம் கண்ணுக்கு எட்டாமல் ஒரு கணக்கு இடையறாது நடந்துகொண்டே இருக்கிறது. நான்கு சிலிண்டர் கொண்ட பெட்ரோல் எஞ்சின் ஒன்று நிமிடத்திற்கு 3,000 சுற்றுச் சுழல்வதாகக் கொள்வோம். ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை தீப்பொறி பிறக்க வேண்டும். அப்படியானால் நொடிக்கு 100 பொறிகள். ஒவ்வொரு பொறியும் தனக்கு உரிய நேரத்திலேயே பிறக்க வேண்டும். அந்த வேகத்தில் எஞ்சின் ஒரு பாகை திரும்புவதற்கு ஆகும் காலம், ஒரு நொடியை 18,000 கூறாக்கினால் அதில் ஒரு கூறு. நல்ல நேரம் பார்த்துக் காரியம் தொடங்குவது நம்மவர் வழக்கம். எஞ்சின் பார்க்கும் நேரமோ இவ்வளவு நுட்பமானது.

இந்த நேரத்தைத் தாமே மாற்றிப் பார்க்க வேண்டும் என்ற ஆவல், இயந்திரத்தில் ஈடுபாடுள்ள இளைஞர் பலருக்கு உண்டு. அந்த ஆவலைக் குறித்தே இன்று பேசப் போகிறேன். அது நல்ல ஆவல்தான். ஆனால் அதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும்.

முதலில், பொறி எப்போது பிறக்க வேண்டும் என்று பார்ப்போம். பிஸ்டன் மேலேறி, பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவையை நெருக்குகிறது. அது உச்சியை அடைந்ததும் பொறி வைத்தால் போதும் என்று தோன்றும். ஆனால் கலவை முழுவதும் ஒரே நொடிப்பில் எரிந்து விடுவதில்லை. அடுப்பில் ஒரு மூலையில் வைத்த தீ மெல்லப் பரவுவதைப் போல, பிளக்கின் முனையில் பிறந்த தீ சிலிண்டர் எங்கும் பரவச் சிறிது காலம் வேண்டும். பிஸ்டன் உச்சியைக் கடந்து ஏறத்தாழ 15 பாகை கீழிறங்கும்போது அழுத்தம் உச்ச நிலையை எட்டினால்தான் உந்துதல் முழுப்பயன் தரும். ஆகவே பிஸ்டன் உச்சியை அடையுமுன்பே பொறி பிறந்தாக வேண்டும். எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது சில பாகைகள் முந்தினால் போதும். வேகம் கூடக் கூட, 30 பாகை அளவுக்குக்கூட முந்த வேண்டியிருக்கும்.

தொடக்க காலத்தில் இந்த வேலையை ஓட்டுநரின் கையே செய்தது. 1908-இல் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி காரில் ஸ்டியரிங் சக்கரத்தின் கீழே இதற்கென ஒரு நெம்புகோல் இருந்தது. வண்டியைக் கைப்பிடியால் சுழற்றிக் கிளப்புமுன் அதைப் பின்னுக்குத் தள்ளிவைக்க வேண்டும். மறந்தவர்களை எஞ்சின் திருப்பி உதைத்தது. கை முறிந்தவர்களும் உண்டு. பொறியின் நேரம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அதுவே முதற்பாடம்.

அக்காலத்தில் அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங், பாட்டரியும் காயிலும் கொண்டு பொறி உண்டாக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். 1910-ஆம் ஆண்டு வாக்கில் அது காடிலாக் கார்களில் இடம் பெற்றது. பின்னாளில் டிஸ்டிரிபியூட்டரில் அமைந்த சிறு எடைகளும் வெற்றிட உறையும் சேர்ந்து, வேகத்துக்கும் சுமைக்கும் ஏற்ப நேரத்தைத் தாமே மாற்றின. நெம்புகோல் மறைந்தது. ஆனால் டிஸ்டிரிபியூட்டரை இறுக்கியிருக்கும் ஆணியைத் தளர்த்தி, அதைக் கையால் சற்றே திருப்பி நேரத்தை மாற்றும் வாய்ப்பு மட்டும் எஞ்சியிருந்தது. அந்த வாய்ப்பில்தான் நான் சறுக்கினேன்.

என் மாமா ஒரு பழைய வாடகைக் கார் வைத்திருந்தார். குடும்பம் அதை நம்பியே நடந்தது. நான் அப்போது கல்லூரி மாணவன். படித்ததை உடனே செய்து பார்க்கும் வயது. ஒருநாள் மாலை, டிஸ்டிரிபியூட்டரைத் தளர்த்திச் சிறிது முன்னோக்கித் திருப்பினேன். எஞ்சின் உடனே விரைந்து சுழன்றது. ஓட்டிப் பார்த்த மாமா, "வண்டி நன்றாக இழுக்கிறதடா!" என்று மகிழ்ந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சில வாரங்கள் கழித்து, ஏற்காட்டுக்குச் சுற்றுலாச் சென்றவர்களை ஏற்றிக்கொண்டு மாமா புறப்பட்டார். நானும் உடன் சென்றேன். 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்த மலைப்பாதையில் வண்டி முழுச் சுமையோடு மெதுவாக ஏறுகையில், சில்லறைக் காசுகளைத் தகரக் குவளையில் இட்டுக் குலுக்கியது போன்ற ஓசை எழுந்தது. மாமா என்னைப் பார்த்தார். "அது எஞ்சினுக்கு வலிமை கூடியதன் அடையாளம்" என்றேன். அந்தச் சொல்லை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அந்த மாதமே எஞ்சின் புகை கக்கத் தொடங்கியது. பிரித்துப் பார்த்தபோது ஒரு பிஸ்டனின் மேல் விளிம்பு எலி கரம்பியது போல் அரிக்கப்பட்டிருந்தது. முதிய மெக்கானிக் அதை என் உள்ளங்கையில் வைத்து, "வண்டி ஏறும்போதெல்லாம் கத்தியிருக்குமே, தம்பி, கேட்கவில்லையா?" என்றார். கேட்டேன், பொருள் தெரியாமல் கேட்டேன். மாமா என்னைக் கடியவில்லை. ஒரு மாதம் வருமானமின்றி வண்டி நின்றது.

அந்த ஓசையின் பொருள் என்ன? பொறி அளவுக்கு மீறி முந்தினால், தீ பரவிக்கொண்டிருக்கும்போதே அழுத்தமும் வெப்பமும் பெருகி, இன்னும் தீ எட்டாத கலவை தானாகவே வெடித்துவிடும். அதையே நாக்கிங் என்கிறார்கள். அலுமினியம் உருகும் வெப்பநிலை 660 டிகிரி செல்சியஸ். எரியும் வாயுவோ 2,000 டிகிரிக்கும் மேற்பட்டது. அப்படியிருந்தும் பிஸ்டன் பிழைத்திருப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. அதன் வெப்பம் இடைவிடாது வெளியேறிக்கொண்டிருக்கிறது. அதன்மேல் படிந்த மெல்லிய வாயுப் படலம் காப்பாக நிற்கிறது. நாக்கிங்கின் அதிர்ச்சி அலைகள் அந்தக் காப்பைக் கலைத்துவிடுகின்றன. குறைந்த வேகத்தில் மிகுந்த சுமை இழுக்கும் மலையேற்றத்தில் இத்தீங்கு எளிதில் நேர்கிறது. பொறி பிந்தினாலோ வலிமை குறையும். வெப்பம் வீணாகப் புகைக்குழாய் வழியே வெளியேறி வால்வுகளை வாட்டும்.

இன்றைய கார்களில் டிஸ்டிரிபியூட்டர் இல்லை. எஞ்சினின் தண்டோடு சுழலும் பற்சக்கரம் ஒன்று உண்டு. 36 பற்களுக்கு இடம் வகுத்து ஒன்றை மட்டும் விட்டுவைப்பது அதில் ஒரு வகை. ஒரு பல்லுக்கு 10 பாகை. பல் இல்லாத இடம் கடந்து செல்வதைக் கொண்டு, தண்டு எந்த நிலையில் இருக்கிறது என்று மின்னணுக் கருவி அறிகிறது. பிறகு வேகம், சுமை இரண்டையும் நோக்கி, தன் நினைவிலுள்ள அட்டவணையில் உரிய கட்டத்தைப் பார்த்துப் பொறியை விடுகிறது. நாக்கிங்கைக் கேட்பதற்கென எஞ்சினில் ஒரு செவியும் பொருத்துகிறார்கள். அதிர்வு கேட்டதும் கருவி பொறியைப் பிந்த வைக்கும்.

அந்த அட்டவணையையும் தம் கையால் எழுதத் துணிந்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் புரூஸ் பௌலிங், ஆல் கிரிப்போ என்னும் இருவர், அவரவரே பற்றவைத்துப் பூட்டிக்கொள்ளத்தக்க மெகாஸ்குவர்ட் என்ற கருவியை 2001-இல் வெளியிட்டனர். முதலில் அது எரிபொருளை மட்டும் ஆண்டது. பின்னர் பொறியின் நேரத்தையும் ஆண்டது. ஆஸ்திரேலியாவில் ஜோஷ் ஸ்டூவர்ட் தொடங்கிய ஸ்பீடுயினோ, ஆர்டுயினோ என்னும் சிறு பலகையைக் கொண்டு அதையே செய்கிறது. அதன் வரைபடங்களை எவரும் எடுத்துக் கற்கலாம். பொறி நேர அட்டவணையில் வரிசைக்கு 16 ஆக 256 கட்டங்கள். நான் ஒரே ஆணியைத் திருப்பிச் செய்த பிழையை இன்று 256 இடங்களில் செய்யலாம். அல்லது 256 இடங்களிலும் சரியாகச் செய்யலாம்.

சரியாகச் செய்வது எவ்வாறு? முதலில் அளக்க வேண்டும். டைமிங் விளக்கு என்றொரு கருவி உண்டு. முதல் பிளக்கில் பொறி பிறக்கும்போதெல்லாம் அது மின்னும். அந்த ஒளியில், சுழலும் கப்பியில் உள்ள குறி அசையாமல் நிற்பதுபோல் தோன்றும். கணினி காட்டும் பாகையும் அந்தக் குறி காட்டும் பாகையும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்காமல் எதையும் மாற்றலாகாது. பழைய அட்டவணையின் படி ஒன்றைப் பத்திரமாக வைக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், அதுவும் ஓரிரு பாகையே மாற்ற வேண்டும். மாற்றியதையும் விளைந்ததையும் குறித்து வைக்க வேண்டும். காசு குலுங்கும் ஓசை கேட்ட உடனே பின்வாங்க வேண்டும். காயில் தரும் மின்னழுத்தம் பல்லாயிரம் வோல்ட் என்பதையும் மறக்கலாகாது.

இன்னொன்றும் உண்டு. பொறியை முந்த வைத்தால் எரியும் வெப்பம் கூடுகிறது. அதனால் நைட்ரஜன் ஆக்ஸைடுகள் மிகுகின்றன. அவை நம் சிலிண்டரோடு நிற்பவை அல்ல; தெருவில் நிற்கும் குழந்தையின் மூச்சில் கலப்பவை. தயாரிப்பாளர் வகுத்த நிலையிலிருந்து வாகனத்தை மாற்றுவதற்கு 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் வரம்பு விதித்திருப்பதும் பொருளற்றதன்று. ஆகவே உங்கள் முதற்சோதனை தெருவில் ஓடும் வண்டியில் வேண்டாம். பட்டறை மேசையில் பூட்டிய பழைய எஞ்சின் ஒன்றில், ஆசிரியர் அருகிருக்க நடக்கட்டும். அங்கே பிஸ்டன் கெட்டால் அது பாடம். மாமாவின் வண்டியில் கெட்டால் அது ஒரு குடும்பத்தின் ஒரு மாதச் சோறு.

அந்த அரிபட்ட பிஸ்டன் இன்றும் என் மேசைமேல் இருக்கிறது. காகிதம் பறக்காமல் காக்கிறது. புதிதாக ஏதேனும் ஓர் இயந்திரத்தைத் திறக்கத் தோன்றும்போதெல்லாம் அதைக் கையில் எடுத்துப் பார்க்கிறேன். திறக்காதே என்று அது சொல்வதில்லை. இயந்திரம் பேசுவதை அறிந்துகொண்டு பிறகு திற என்று சொல்கிறது. நீங்களும் திறந்து பாருங்கள், நண்பர்களே. அளந்து பாருங்கள், கேட்டுப் பாருங்கள், அதன் பின்னரே மாற்றிப் பாருங்கள்.