வரப்புப் புல்லில் வாழும் கதிர்க்குருவிகள்
(ஐக்கிய சங்க அங்கத்தினரிடையே நிகழ்த்திய பிரசங்கம்)



கடனும் தவணையும் பேசவேண்டிய சங்கத்தில் குருவியைப் பற்றிப் பேச வந்தேனே என்று சிலர் எண்ணக்கூடும். வரப்புச் செதுக்கும் வேலையோடு சம்பந்தப்பட்டதாதலின் இவ்விஷயத்தை எடுத்துக்கொண்டேன்.

மழை பெய்து புல் எழுந்த காலத்தில், வயலின் மேலே ஒரு சிறு பறவை ஏறியும் இறங்கியும் பறப்பதையும், எழும்புந்தோறும் 'சிட், சிட்' என்று கத்தரிக்கோலைச் சொடுக்கினாற்போல் ஒலிப்பதையும் நீங்கள் கண்டிருப்பீர்கள். சற்று நேரத்தில் அது புல்லுக்குள் விழுந்து மறையும். விழுந்த இடத்தில் தேடினாலோ அகப்படாது. கட்டைவிரல் அளவே உடம்பு. எடை ஏறத்தாழ 10 கிராம். வைக்கோல் நிறம், முதுகில் கருங்கோடுகள், விசிறிபோல் விரியும் குட்டை வால். நூலோர் இதனைச் சிஸ்டிகோலா என்பர். தென் ஐரோப்பா முதல் ஆஸ்திரேலியாவின் வடபகுதி வரை புல்வெளியிலும் வயலிலும் சதுப்பிலும் இவ்வினம் வாழ்கிறது. நெடிய வாலைத் தூக்கிக்கொண்டு செடிகளில் தாவும் சாம்பல் கதிர்க்குருவியும் இதன் குடும்பத்ததே.

கதிரருகே திரிவதனால் இதனை நெல் தின்னும் குருவியென்று விரட்டுவோர் உண்டு. அது தவறு. மூக்கைப் பாருங்கள். நெல்லையும் தினையையும் உடைத்துண்ணும் சில்லைக்கு மூக்கு கூம்புபோல் தடித்திருக்கும். கதிர்க்குருவியின் மூக்கோ ஊசிபோல் மெல்லியது. புழு, வெட்டுக்கிளி, சிலந்தி முதலியவற்றைப் பற்றுவதற்கே ஏற்றது. இக்குருவி ஒன்றே வயற்பூச்சியை ஒழித்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. செய்யாத களவுக்கு அதனைத் தண்டிக்கவேண்டாம் என்பதே என் விண்ணப்பம்.

இனிக் கூட்டைப் பற்றிக் கூறுகிறேன். ஆண் பறவை உயிருள்ள புல்லிதழ்களை வளைத்துச் சிலந்தி நூலால் பிணைத்து, சுருக்குப்பைபோல் ஒரு கூட்டை அமைக்கும். அதை ஏற்றுக்கொண்ட பெண் பறவை உள்ளே பஞ்சு போன்ற மெல்லிய பூந்துய்யைப் பரப்பும். தரையிலிருந்து முழ உயரம்கூட இராது. சுற்றியுள்ள புல் பச்சையாகவே வளர்வதால் கூடு கண்ணுக்குத் தென்படாது. பருந்துக்கும் பாம்புக்கும் மறைவான அவ்விடம் அரிவாளுக்கும் மறைவாய் இருப்பதே ஆபத்து. சில ஆண்டுகளுக்கு முன் மாட்டுக்குப் புல்லறுத்த நானே, கைப்பிடிப் புல்லோடு ஒரு கூட்டையும் அறுத்தெடுத்துவிட்டேன். உள்ளே நான்கு குஞ்சுகள் வாய் திறந்திருந்தன. கூட்டை வேறு புல்லில் கட்டிவைத்துப் பார்த்தேன், பயனில்லை.

முட்டையிட்டது முதல் குஞ்சு பறக்கும் வரை ஒரு மாதத்துக்கு மேல் செல்வது அரிது. அவ்வளவு காலம் சிறிது புல் நின்றால் போதும். வரப்பில் புல் மண்டினால் எலி வளை வைக்குமென்ற ஆட்சேபம் நியாயமானதே. ஆகையால் வயலின் நடுவரப்புகளை வழக்கம்போல் செதுக்குங்கள். வாய்க்காலோரம், ஏரிக்கரையின் அடிவாரம், புறம்போக்கு ஆகியவற்றின் புல்லை மட்டும் ஒரே நாளில் முழுதும் அறுக்காமலும் தீயிடாமலும், பகுதி பகுதியாக அறுக்கலாம். ஒருவர் விட்ட புல்லை மற்றொருவர் அறுத்தால் பயனில்லை. அதனாலேயே இதைத் தனித்தனி வீடுகளில் சொல்லாமல் சங்கத்தில் சொல்லுகிறேன்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் இதைவிடக் கூச்சமுள்ள ஒரு புற்குருவி உண்டு. அகன்ற வாலுடைய அவ்வினத்தை ஜெர்டன் என்பவர் 1841-ல் விவரித்தார். வேறெந்த நாட்டிலும் அது கூடு வைப்பதில்லை. மழைக்காலத்தில் பாடும்போதன்றி அதனைக் காண்பது அரிது. அதன் மலைப்புல்வெளிகளிற் பல, சீகை, தைல மரத் தோப்புகளாக மாறிவிட்டன. நம் வயற்குருவிக்கு இன்னும் அந்நிலை வரவில்லை.

கூடு இருக்குமிடத்தை எப்படி அறிவது என்று ஓர் அங்கத்தினர் கேட்டார். தேடிப் புல்லை விலக்கவேண்டாம்; விலக்கினால் காக்கைக்கு வழி காட்டியதாகும். இரையைக் கவ்விய பறவை ஒரே தூற்றில் மீண்டும் மீண்டும் இறங்குகிறதா என்று தொலைவில் நின்று கவனியுங்கள். அத்தூற்றருகே ஒரு குச்சியை நட்டு, துணிக்கிழிசல் ஒன்றைக் கட்டிவிட்டால் புல்லறுக்க வருவோர் விலகிச் செல்வார்கள். குஞ்சுகள் பறந்ததும் குச்சியைப் பிடுங்கிவிட்டு, அப்புல்லையும் மாட்டுக்கு அறுத்துக்கொள்ளலாம்.