நிழலைத் தேடிப் போவோம்



கிரகணம்னா கதவைச் சாத்திக்கிற வீடுகள் நம்ம பொதட்டூர்பேட்டையில் இன்னும் உண்டு. ஆனால் 1868 ஆகஸ்ட் 18-ஆம் தேதி முழுச் சூரிய கிரகணத்துக்காக, ழான்சன் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி கடல் தாண்டி, அன்று சென்னை மாகாணத்திலிருந்த குண்டூருக்கு வந்தார். சென்னை வானாய்வு நிலையத்தின் சிந்தாமணி இரகுநாதாச்சாரி வனபர்த்திக்குப் போனார். அன்று சூரிய விளிம்பில் கண்ட மஞ்சள் ஒளிக்கோடுதான் ஹீலியத்துக்கு முதல் தடயம்.

முழு மறைவு காண, நிலவின் நிழல் ஓடும் குறுகிய பாதைக்கு நாமதான் போகணும். 2034 மார்ச் 20-இல் அது காஷ்மீர், லடாக் பக்கம் வருகிறது. ரயில் செலவுக்குப் பணமில்லைன்னு எந்த மாணவரும் நின்றுவிடக் கூடாது. அதை முன்னாள் மாணவர்கள் நாம் ஏற்போம்.