பாடநூலில் நமக்குரிய பக்கம்



ஒடுக்கப்பட்டோர் வரலாற்றைப் பள்ளியில் எவ்வாறு கற்பிப்பது என்பது இன்று நாடெங்கும் எழுந்துள்ள வினா. "சாதியைப் பற்றிப் பாடம் நடத்தினால் சாதி வளரும்" என்பார் சிலர். பாடநூல் வாய்மூடியிருந்தாலும் ஊரும் தெருவும் பேசிக்கொண்டுதானே இருக்கின்றன? 2023-இல் நாங்குநேரியில், பட்டியலின மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினர். அந்த வன்மத்தை அவர்கள் எந்தப் பாடத்தில் கற்றனர்? அதன்பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024-இல் அறிக்கை அளித்தது. பள்ளிகளின் பெயரில் சாதி கூடாது, மாணவர் கையில் சாதிக் கயிறு கூடாது என்றது. நல்லதே. கயிற்றை அறுத்தால் போதுமா? கருத்தையும் அறுக்க வேண்டாமா?

தோள்சீலைப் போராட்டம் பற்றிய பகுதியை மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2016-இல் ஒன்பதாம் வகுப்புத் தேர்விலிருந்து விலக்கியது. 2019-இல் அப்பாடமே நூலிலிருந்து நீங்கியது. பக்கம் போயிற்று, சாதி போயிற்றா?

எவ்வாறு கற்பிப்பது? நந்தனாரையே எடுத்துக்கொள்வோம். தீயில் மூழ்கித் தூய்மை பெற்ற அடியார் என்று மட்டும் சொன்னால், நம் பிள்ளை பணிவைக் கற்கிறது. அவருக்கு வாயில் அடைபட்டது ஏன் என்று கேட்டால், வரலாற்றைக் கற்கிறது. அவர் பெயராலேயே சிதம்பரத்தில் 1916-இல் சுவாமி சகஜானந்தர் பள்ளி கண்டார் என்பதையும் சேர்த்துச் சொன்னால், தலைநிமிரக் கற்கிறது.

காட்டுமன்னார்கோயில் தந்த பெரியவர் இளையபெருமாள் தலைமையில் மத்திய அரசு 1965-இல் ஒரு குழுவை அமைத்தது. நாடு முழுவதும் நிலவிய தீண்டாமைக் கொடுமைகளை அக்குழு 1969-இல் அறிக்கையாக வைத்தது. இம்மாவட்டத்து மாணவருள் எத்தனை பேர் இதை அறிவர்?

நாம் கேட்பது தனி வகுப்பன்று. எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து கற்கும் பொதுப்பாடம். இரக்கம் தேடும் பாடமன்று. சான்றுடன் பேசும் பாடம். நம் பிள்ளையை எழுப்பி நிறுத்தி, "இது உங்கள் கதை" என்று சுட்டிக்காட்டும் வழக்கம் அவ்வகுப்பில் கூடாது. அடைத்தவர் பிள்ளையும் அடைபட்டவர் பிள்ளையும் சேர்ந்து ஆராய வேண்டிய பொது வரலாறு அது.

இளைஞர்களே! அரசு எழுதும்வரை காத்திராதீர். அண்ணாகிராமம் வட்டாரத்தில் முதலில் பள்ளிக்குச் சென்றவர் யார், அவர் எங்கு அமர்த்தப்பட்டார் என்று முதியோரைக் கேட்டு எழுதுங்கள். ஒரு படியைப் பள்ளி நூலகத்திற்குக் கொடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் இதனைப் பேசட்டும். இன்று எழுதாமல் விட்டால், நாளை எழுதுவதற்குச் சொல்லித்தர அம்முதியோர் இருக்கமாட்டார்கள்.