சென்னையில் நிறைவுற்ற முதல் பயணம்



ஏர் இந்தியா என்னும் நம் தேசத்து விமான ஸ்தாபனத்தின் சரித்திரத்தைச் சொல்லப் புகுவோர் பெரும்பாலும் பம்பாயிலே தொடங்கிப் பம்பாயிலேயே முடித்துவிடுகிறார்கள். ஆனால் அச்சரித்திரத்தின் முதல் ஏடு நம்முடைய சென்னைப் பட்டினத்திற்கு வந்துதான் நிறைவு பெற்றது.

1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள், சீமையிலிருந்து இம்பீரியல் ஏர்வேஸ் விமானம் கொண்டுவந்து சேர்த்த தபால்களைக் கராச்சியில் ஏற்றிக்கொண்டு, ஒற்றை எஞ்சின் பூட்டிய புஸ் மாத் என்னும் சிறு விமானத்தில் ஜே. ஆர். டி. டாட்டா தன்னந்தனியாகப் புறப்பட்டார். இடையிலே ஆமதாபாத்தில் அவருக்கு வேண்டிய பெட்ரோல் மாட்டு வண்டியில் டின்களாக வந்து சேர்ந்தது. பம்பாய் ஜூஹூவில் அவர் இறங்கியதும், தென்னாட்டுத் தபால்களைப் பெற்றுக்கொண்டு பெல்லாரி வழியாகச் சென்னைக்குப் பறந்து வந்தவர் நெவில் வின்சென்ட். பிரிட்டிஷ் விமானப்படையில் பணிபுரிந்து, இத்தேசத்தில் விமானத் தபால் நடத்தலாம் என்ற யோசனையை டாட்டா நிறுவனத்தாரிடம் முதன்முதலில் கொண்டுசென்றவர் அவரே. வழிகாட்ட வானொலிக் கருவி இல்லை. சர்க்கார் மானியம் ஒரு காசும் இல்லை. மழைக்காலம் வந்தால் ஜூஹூ நிலம் நீரில் அமிழ்ந்துவிடுமாகையால் ஜாகையையே புனாவுக்கு மாற்றவேண்டியிருந்தது. இத்தனைக்கும் இடையே தபால் தவறாமல் வந்துகொண்டிருந்தது என்றால், அதற்கு மூலகாரணம் மூலதனமன்று. சிரத்தை என்றே நான் கருதுகிறேன்.

அந்தச் சிரத்தையே பின்னர் பெருகி வளர்ந்தது. அத்தபால் பணியிலிருந்து வளர்ந்த டாட்டா ஏர்லைன்ஸ் 1946-இல் ஏர் இந்தியாவாயிற்று. 1948 ஜூன் 8-ஆம் நாள், சுதந்திரம் பெற்று ஓராண்டுகூட நிரம்பாத நிலையில், 'மலபார் பிரின்சஸ்' என்னும் விமானம் கெய்ரோ, ஜினீவா மார்க்கமாக லண்டனுக்குப் புறப்பட்டது. 1953-இல் சர்க்கார் ஏர் இந்தியாவைத் தேசவுடைமையாக்கியபோது, தம் கையால் வளர்த்ததை இழந்த மனவருத்தம் மிகுதியாக இருந்தும், டாட்டா விலகிப் போகவில்லை. தலைமைப் பொறுப்பை ஏற்று இருபத்தைந்து ஆண்டுகள் அதைக் காத்தார். விமானத்தில் போகுந்தோறும் தேநீரின் நிறம் முதல் ஆசனத்தின் சாய்வு வரை கவனித்து, குறை கண்டால் உத்தியோகஸ்தர்களுக்குக் குறிப்பு எழுதி அனுப்பினார். உலகப் பிரசித்தி பெற்ற ஏர் இந்தியாவின் மகாராஜா சின்னத்தைப் பலரும் புகழ்வார்கள். என் மனம் அந்தக் குறிப்புகளையே முதலில் வணங்குகிறது. அவற்றை எழுதிய மனிதரை 1978-இல் மொரார்ஜி தேசாய் அரசாங்கம் பதவியிலிருந்து நீக்கியது நம் பொதுவாழ்வின் துக்ககரமான காரியங்களுள் ஒன்று.

பின்னர் நேர்ந்த கடன்களையும் நஷ்டங்களையும் விரித்துரைக்க நான் வரவில்லை. ஒன்றை மட்டும் மறக்கலாகாது. 1990-இல் குவைத்தை ஈராக் கைப்பற்றிய நாட்களில், சம்பாத்தியம் அனைத்தையும் இழந்து, பாலைவனம் கடந்து ஜோர்டானின் அம்மான் நகரை அடைந்த நம்மவர், இலட்சத்துக்கு மேற்பட்டவர், ஏர் இந்தியா விமானங்களில் தாய்நாடு திரும்பினார்கள். தேசத்திற்கென்று விமானம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு, லாப நஷ்டக் கணக்கில் ஏறாத அந்த ஒரு கைங்கரியமே போதிய விடை.

2022 ஜனவரியில் ஸ்தாபனம் மீண்டும் டாட்டா குழுமத்திடமே சேர்ந்திருக்கிறது. உடைமை யாருடையது என்னும் வாதம் அறிஞர்களுக்கு இருக்கட்டும்; சீட்டு வாங்கி ஏறும் நாமோ, தபால் மூட்டைக்குக் காட்டப்பட்ட அந்தப் பழைய சிரத்தையை மனிதருக்கும் காட்டும்படி உரிமையோடு கேட்கவேண்டும்.

கடைசியாக இம்மன்றத்தாருக்கு ஒரு விண்ணப்பம். வின்சென்ட் 1942-இல், போர்க்காலத்தில், இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குத் திரும்பும் வழியில், தாம் ஏறி வந்த விமானத்தோடு மாண்டுபோனார். அவர் தொடங்கிவைத்த பணி லண்டன் வரை போனதைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. சென்னைக்கு அந்த முதல் தபாலைக் கொண்டுவந்த அம்மனிதரின் பெயரால், ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தில் நம் மாணவர்களுக்கு விமானக் கலை பற்றிய ஒரு சொற்பொழிவை இம்மன்றம் ஏற்பாடு செய்யவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.