காத்திருப்புப் பட்டியல் முடிவன்று

(ஜமாஅத் கல்விக் குழுவின் சார்பில், பெற்றோர் - மாணவர் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

தேர்வு முடிவு என்றால் நம் ஊரில் இரண்டே சொற்கள்தாம்: 'கிடைத்தது', 'கிடைக்கவில்லை'. எம்.பி.ஏ. படிப்புக்கு நம் பிள்ளைகள் விண்ணப்பிக்கத் தொடங்கிய பின்னரே மூன்றாவது சொல் ஒன்று நம் வீடுகளுக்குள் வந்தது. அதுதான் 'காத்திருப்புப் பட்டியல்'. அதன் பொருள் விளங்காமல் நாம் செய்த பிழையொன்றை முதலில் ஒப்புக்கொண்டு, பிறகு செய்தியைத் தொடங்குவதே முறை.

சில ஆண்டுகளுக்கு முன்பு நம் மாணவி ஒருவர் மேலாண்மைக் கல்வி நிறுவனம் ஒன்றின் காத்திருப்புப் பட்டியலில் இடம்பெற்றார். அவருடைய தந்தையார் நம்மிடம் ஆலோசனை கேட்டார். "இடம் இல்லை என்பதை நாகரிகமாகச் சொல்லியிருக்கிறார்கள், வந்த வரனை விட வேண்டாம்" என்று நாமே கூறினோம். கல்யாண வேலைகளில் மின்னஞ்சலைத் திறந்து பார்ப்பார் இல்லை. இடம் ஒதுக்கப்பட்ட மடல் வந்திருந்ததும், பணம் செலுத்தும் கடைசித் தேதி கடந்துவிட்டதும் பின்னரே தெரிந்தன. அப்பெண் நம்மை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. அதுவே நம்மை இன்றளவும் உறுத்துகிறது.

காத்திருப்புப் பட்டியல் எவ்வாறு நகர்கிறது? 'கேட்' தேர்வு ஆண்டுதோறும் பெரும்பாலும் நவம்பர் இறுதியில் நடைபெறுகிறது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நேர்முகத் தேர்வுகள் நடக்கும். அதன்பின் பட்டியல்கள் வெளிவரும். நல்ல மதிப்பெண் பெற்ற ஒருவருக்கே நான்கைந்து நிறுவனங்களில் இடம் கிடைப்பதுண்டு. அவர் ஒன்றில் சேர்ந்து மற்றவற்றைக் கைவிடும்போது, பின்னால் நிற்பவர் முன்னேறுகிறார். இந்த நகர்வு ஜூன், ஜூலை வரையிலும் நீடிக்கலாம். ஒவ்வோர் இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கும் தனித்தனிப் பட்டியல் உண்டு. ஆகவே, ஒருவருடைய எண்ணை வேறு பிரிவைச் சேர்ந்தவரின் எண்ணோடு ஒப்பிடுவதில் பயனில்லை.

இக்காலத்தில் செய்ய வேண்டியவை மூன்று. ஒன்று, மின்னஞ்சலையும் நிறுவனத்தின் அறிவிப்புகளையும் நாள்தோறும் பார்த்தல். இரண்டு, அழைப்பு வந்தால் குறித்த நாளுக்குள் கட்ட வேண்டிய முன்பணத்தை ஆயத்தமாக வைத்திருத்தல். மூன்று, கையிலுள்ள மற்றொரு வாய்ப்பை விட்டுவிடாதிருத்தல். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களில், வகுப்பு தொடங்கும் முன் விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் மட்டும் பிடித்துக்கொண்டு மீதிக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. ஐ.ஐ.எம்.களுக்குத் தனி விதிகள் உண்டு. அவற்றைப் படித்த பின்னரே பணம் கட்ட வேண்டும்.

செய்யக் கூடாதது ஒன்றும் உண்டு. சிபாரிசுக் கடிதம் தேடி அலைவது நம்மவர் வழக்கம். ஐ.ஐ.எம். பட்டியல் வரிசைப்படியே நகரும். எவருடைய கடிதமும் அதை நகர்த்தாது. "சில இலட்சம் கொடுத்தால் எண்ணை முன்னுக்குக் கொண்டுவருகிறேன்" என்று வரும் தரகரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். வெளிநாட்டுக் கல்லூரிகள் சில, காத்திருப்போர் தம் புதிய தகுதிகளைத் தெரிவித்துக் கடிதம் எழுத அனுமதிக்கின்றன. அது வேறு நடைமுறை.

சரி, பட்டியல் நகரவே இல்லை. அடுத்து என்ன?

தோல் பதனிடும் தொழிலைக் கண்டு வளர்ந்த நமக்கு ஓர் உண்மை தெரியும். குழியில் ஊறும் தோல் சும்மா கிடப்பதாக வெளியார் நினைப்பர். ஆனால் வேலையாள் அதைத் திருப்பித் திருப்பிப் போடுகிறார். திருப்பாமல் விட்ட தோல் பாழாகும். காத்திருக்கும் ஓராண்டும் அத்தகையதே.

'கேட்' மதிப்பெண் அந்த ஒரு சேர்க்கைக்கே செல்லும். மறு ஆண்டு மீண்டும் எழுத வேண்டும். எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு வரம்பில்லை. வயது உச்சவரம்பும் இல்லை. ஆயினும் முன்போலவே மீண்டும் எழுதினால் முன்போன்ற முடிவே வரும். எங்கே சறுக்கினோம் என்று முதலில் கண்டறிய வேண்டும். தேர்வு இரண்டு மணி நேரம். மொழித்திறன், தரவும் தர்க்கமும், கணிதம் என மூன்று பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடங்கள். சரியான விடைக்கு 3 மதிப்பெண். கொள்குறி வினாவில் தவறினால் 1 குறையும். நம் மாணவர் பலருக்குக் கணிதம் கைகொடுக்கிறது. ஆங்கில வாசிப்பே இடறுகிறது. நாளும் ஒரு மணி நேரம் ஆங்கில நாளிதழின் தலையங்கங்களைப் படிப்பதற்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை.

எழுத்துத் தேர்வில் வென்று நேர்முகத்தில் பின்தங்கியவர்களும் உண்டு. நம் மாணவர் ஒருவரிடம், "உங்கள் பகுதித் தோல் ஆலைகளின் கழிவுநீர் எங்கே போகிறது?" என்று கேட்டனர். தந்தையார் இராணிப்பேட்டையில் தோல் தொழிலாளி. மகனோ விடையறியாது விழித்தார். வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததையும், பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்கும் முறையையும், ஆம்பூரில் காலணியின் மேற்பகுதி உருவாகும் விதத்தையும் அடுத்த ஆண்டு அவர் நேரில் சென்று கற்றார். முதலில் விரும்பிய நிறுவனம் அப்போதும் கிடைக்கவில்லை. வேறொரு நல்ல நிறுவனம் கிடைத்தது. அந்த ஓராண்டு அவர் வேலைக்கும் சென்றார். பல நிறுவனங்கள் பணி அனுபவத்துக்கு மதிப்பளிக்கின்றன. ஆகவே கிடைத்த வேலையை மறுக்காதீர்கள்.

சான்றிதழில் கவனம் தேவை. 2007ஆம் ஆண்டு முதல் தமிழகத்தில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு வழங்கப்படும் 3.5 விழுக்காடு மாநில இடங்களுக்கே உரியது, ஐ.ஐ.எம்.களுக்குப் பொருந்தாது. அங்கே மத்திய அரசின் 27 விழுக்காட்டுப் பிரிவே உண்டு. அதற்கு நம் சமூகப் பெயர் மத்தியப் பட்டியலில் இருக்க வேண்டும். வருமான வரம்புக்கு உட்பட்டவர் என்ற சான்றிதழும் மத்திய அரசின் படிவத்தில் வேண்டும். விண்ணப்பிக்கும் முன்பே இதைச் சரிபாருங்கள்.

ஒரே வாசலை நம்பி நிற்கவும் வேண்டாம். அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் 'டான்செட்', ஜனவரியில் வரும் 'எக்ஸ்.ஏ.டி.' ஆகியவையும் உள்ளன. 2011இல் தொடங்கப்பட்ட திருச்சி ஐ.ஐ.எம். நமக்கு எட்டாத தொலைவில் இல்லை.

2006ஆம் ஆண்டு சச்சார் குழு அறிக்கை, ஐ.ஐ.எம். மாணவர்களில் முஸ்லிம்கள் 1.3 விழுக்காட்டினரே என்று கூறியது. 2001 கணக்கெடுப்பின்படி நாட்டின் மக்கள்தொகையில் நம் பங்கு 13.4 விழுக்காடு. வாசல் வரை சென்றவரை நாமே திருப்பி அழைத்துக்கொண்டால் அந்த இடைவெளி எப்படிக் குறையும்?

பெற்றோர்களே! மறுமுறை எழுத ஓராண்டு கேட்கும் மகனைச் சோம்பேறி என்னாதீர்கள். அதே ஓராண்டை மகள் கேட்டால், அவளுக்கும் அதைக் கொடுங்கள். ஏப்ரல் முதல் ஜூலை வரை, காத்திருப்புப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு மாணவரின் வீட்டுக்கும் வாரம் ஒருமுறை சென்று, "மின்னஞ்சல் பார்த்தாயிற்றா?" என்று கேட்பது இனி கல்விக் குழுவின் பொறுப்பு. ஒருமுறை கேட்கத் தவறியவர்கள் நாம். இனித் தவற மாட்டோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.